தொப்பை யாருடையது?

பழைய தொழிற்சங்கப் போஸ்டர்களைப் பார்த்திருப்பீர்கள். அதில் முதலாளி யார் என்று பெயர் எழுத வேண்டிய அவசியமே இருக்காது. தொப்பை போதும். கோட்டுப் பொத்தான் தெறித்துவிடும் போல ஒரு வயிறு, வாயில் சுருட்டு, கையில் பண மூட்டை. எதிரே தொழிலாளி. ஒன்று, அவர் விலா எலும்பை எண்ணலாம். இல்லையென்றால் தோளும் புஜமும் முறுக்கிக்கொண்டு நிற்கும். மெரினாவில் 1959-ல் வைத்த உழைப்பாளர் சிலையையே பாருங்களேன். பாறையைப் புரட்டுகிற அந்த நாலு பேரில் யாருக்காவது இடுப்பில் ஒரு மடிப்பு உண்டா?

இன்றைக்கு அதே கார்ட்டூனை ஒரகடம் ஜங்ஷனில் நின்று வரையச் சொன்னால் ஓவியர் திண்டாடிப் போவார். காரிலிருந்து இறங்குகிற பெரிய அதிகாரிக்கு வயிறு ஒட்டி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் மாரத்தான் ஓடுகிறார். கையில் கட்டியிருக்கும் வாட்ச் அவர் எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று எண்ணிச் சொல்கிறது. கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகிற முப்பது வயது ஆபரேட்டருக்கோ யூனிஃபார்ம் சட்டையின் கீழ்ப் பொத்தான் பூட்ட மாட்டேன் என்கிறது. எல்லோருக்கும் இப்படித்தான் என்று சொல்லவில்லை. ஆனால் தொப்பை கட்சி மாற ஆரம்பித்துவிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், தொப்பை கட்சி மாறினாலும் நம்முடைய தீர்ப்பு மாறவில்லை. முதலாளியின் வயிற்றில் இருந்தபோது, 'அடுத்தவன் சோத்தைத் தின்னு வளர்த்தது' என்றோம். தொழிலாளியின் வயிற்றுக்கு வந்ததும், 'தன் வாயை அடக்கத் தெரியாதவன்' என்கிறோம். இரண்டு தடவையும் நடத்தைச் சான்றிதழ்தான் எழுதுகிறோம். பேப்பருக்குப் பதில் வயிறு.

'நாள் முழுக்க நின்னுக்கிட்டே வேலை பார்க்கிறான்... அப்புறம் எப்படிய்யா தொப்பை? கேன்டீன்ல வெளுத்துக் கட்டுவான் போல!' இந்த வசனத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவோம். ஆனால் அதற்குள் மூன்று நம்பிக்கைகள் ஒன்றன் மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. உழைத்தால் கொழுப்பு கரையும். கரையவில்லை என்றால் அதிகம் தின்கிறான். அதிகம் தின்கிறான் என்றால் ஒழுக்கம் போதாது. மூன்றாவது மாடிதான் என்னை இன்றைக்கு இழுத்தது. ஆனால் அஸ்திவாரத்தைத் தட்டிப் பார்க்காமல் மாடிக்குப் போக முடியாது.

அதற்கு முன்னால் ஒரே ஒரு புள்ளிவிவரம். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு 2015-16-ல் எடுத்தபோது தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 சதவிகிதம் பேர் உயரத்துக்கு ஏற்ற எடையைத் தாண்டியிருந்தார்கள். ஆண்களில் 28.2. அடுத்த கணக்கெடுப்பு 2019-21-ல். பெண்கள் 40.4, ஆண்கள் 37.0. நாலைந்து வருடத்தில் கிட்டத்தட்ட ஒன்பது புள்ளி ஏறிவிட்டது. குண்டாவது ஒழுக்கக் குறைவு என்றால், அந்த நாலைந்து வருடத்தில் தமிழ்நாட்டின் ஒழுக்கம் மொத்தமாகச் சரிந்துவிட்டது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அரசியல் மேடையில் பேசுகிறவர்கள் வேண்டுமானால் ஒப்புக்கொள்வார்கள். நான் பி.காம். படித்தவன். நஷ்டம் ஒரு கிளையில் மட்டும் வந்தால் மேனேஜரைக் கேட்கலாம். எல்லாக் கிளையிலும் ஒரே சமயத்தில் வந்தால் மார்க்கெட்டைப் பார் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

சரி, அஸ்திவாரத்துக்கு வருவோம்.

கொழுப்பு கரைந்தால் அது எங்கே போகிறது? பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுப் பாருங்கள். 'வேர்வையா வெளியே போயிடும்' என்பார். 'சூடா, சக்தியா மாறிடும்' என்பார் கொஞ்சம் படித்தவர். இன்னும் சிலர் காலையில் வெந்நீர் குடித்துவிட்டு வேறு வழியைக் காட்டுவார்கள். 2014 டிசம்பரில் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மீர்மன், பிரவுன் என்ற இரண்டு பேர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார்கள். 10 கிலோ கொழுப்பு உடம்பை விட்டுப் போனால், அதில் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூக்கு வழியே போகிறது. மிச்சம் 1.6 கிலோதான் தண்ணீர். டாக்டர்கள், டயட் ஆலோசகர்கள், ஜிம் டிரெய்னர்கள் என்று 150 பேரிடம் அவர்கள் இதே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். பெரும்பாலானவர்கள் கோட்டை விட்டார்கள்.

அதாவது, நாம் இளைப்பது மூச்சில்! (உடனே உட்கார்ந்த இடத்தில் புஸ் புஸ் என்று மூச்சு விட ஆரம்பிக்காதீர்கள். தலை சுற்றும், அவ்வளவுதான். உடம்பு உள்ளே எரித்தால்தான் புகை வெளியே வரும்.) பெயின்ட் ஷாப்பிலும் பவுண்டரியிலும் வேர்த்து விறுவிறுத்து வேலை செய்கிறவர் ஷிஃப்ட் முடிந்து எடை போட்டால் ஒரு கிலோ குறைந்திருக்கலாம். ரெண்டு பாட்டில் தண்ணீர் குடித்ததும் திரும்ப வந்துவிடும். டி.வி.யில் விடியற்காலையில் விற்ற அந்த வேர்வை பெல்ட்டுகளின் ரகசியமும் இவ்வளவே.

அதே மாதிரிதான் வயிற்றுக்கு மட்டும் உடற்பயிற்சி செய்து வயிற்றை மட்டும் கரைப்பதும். 1971-ல் அமெரிக்காவில் டென்னிஸ் ஆட்டக்காரர்களின் இரண்டு கைகளையும் அளந்து பார்த்தார்கள். வருடக்கணக்காக மட்டை பிடித்த கையில் தசை கூடுதலாக இருந்தது. தோலுக்கு அடியில் இருந்த கொழுப்போ இரண்டு கையிலும் ஒரே அளவு. நாள் முழுக்க ஒரே கையால் போல்ட் முடுக்குகிற ஆபரேட்டரைக் கேட்டால் இதை ஆராய்ச்சி இல்லாமலே சொல்லியிருப்பார்.

ராத்திரி சோறு வேண்டாம், சப்பாத்தி போதும் என்கிற வைராக்கியம்? சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுக்குழு 2025-ல் ஒன்று சொன்னது. இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் 62 சதவிகிதம் மாவுச்சத்து. அரிசியை எடுத்துவிட்டு அதே அளவு கோதுமையோ சிறுதானியமோ வைத்தால் ஆபத்து குறையவில்லை. மாவுச்சத்தையே கொஞ்சம் குறைத்துப் பருப்பு, பால், முட்டை மாதிரி புரதம் வைக்க வேண்டும். 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று நம் ஊரில் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. கொள்ளில் புரதம் உண்டு, நார் உண்டு, சீக்கிரம் பசி அடங்கும். ஆனால் மூணு தட்டு சோற்றின் மேல் ஊற்றிய கொள்ளு ரசம் எந்தக் கொழுப்பையும் கரைக்காது.

இப்போது, 'நின்று உழைக்கிறவனுக்கு ஏன் தொப்பை?' டான்சானியாவில் ஹட்ஸா என்றொரு வேட்டைச் சமூகம். தினமும் கிலோமீட்டர் கணக்கில் நடப்பவர்கள், கிழங்கு தோண்டுபவர்கள். ஹெர்மன் பான்ட்ஸர் என்ற ஆராய்ச்சியாளரின் குழு இவர்கள் ஒரு நாளைக்கு எவ்வளவு கலோரி செலவு செய்கிறார்கள் என்று அளந்து 2012-ல் வெளியிட்டது. உடம்பின் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், மேலை நாட்டு நகரவாசி செலவு செய்வதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை! ஓர் இடத்தில் செலவு கூடினால் உடம்பு இன்னோர் இடத்தில் சிக்கனம் பண்ணிவிடுகிறது என்பது அவர்கள் விளக்கம். எல்லா நிபுணர்களும் இதை முழுசாக ஏற்றுக்கொள்ளவில்லை. உடற்பயிற்சி வீண் என்றும் இதற்கு அர்த்தம் இல்லை. இதயத்துக்கு, சர்க்கரைக்கு, மனசுக்கு அதன் லாபம் தனி. ஆனால் 'உழைத்தால் தானாக இளைக்கும்' என்பது அவ்வளவு நேரான கணக்கு இல்லை.

ஒரகடத்தில் ஒரு டீக்கடை. காலை ஆறே முக்கால். நைட் ஷிஃப்ட் முடிந்தவர்களின் கூட்டம். கழுத்தில் ஐ.டி. கார்டு, கையில் டீ, கண்ணில் தூக்கம். அங்கே ஒரு ஆபரேட்டரிடம் பேசிக்கொண்டிருந்தேன். செங்கல்பட்டு பக்கத்துக் கிராமம். முப்பதைத் தொடுகிற வயது. கல்யாணமாகி ஒரு குழந்தை.

"வேலைக்கு வந்தப்ப 58 கிலோ சார். ஆறு வருஷத்துல 81" என்றார். யாரோ கொடுத்த இன்க்ரிமென்ட் மாதிரி சொன்னார்.

அவருக்கு ஷிஃப்ட் வாரம் ஒருமுறை மாறும். நைட் முடிந்து ஒரு நாள் லீவு, அடுத்த வாரம் மத்தியானம், அதற்கடுத்த வாரம் காலை. காலை ஷிஃப்ட் என்றால் மூணே முக்காலுக்கு எழுந்தால்தான் பஸ்ஸைப் பிடிக்கலாம். நைட் முடிந்து வீட்டுக்குப் போனால் எட்டரை. தகரக் கூரை, வெயில், பக்கத்து வீட்டு டி.வி., குழந்தை. "நாலு மணி நேரம் தூங்கினா அதிர்ஷ்டம் சார்" என்றார். ராத்திரி ஒரு மணிக்குக் கேன்டீனில் சாப்பாடு. பசிக்கிறதோ இல்லையோ, அப்போதுதான் சாப்பிட முடியும். மூணு மணிக்குத் தூக்கம் தள்ளும்போது டீயும் பிஸ்கட்டும்.

வள்ளுவர் 'மருந்து' என்று தலைப்பு வைத்துவிட்டுப் பாதிக்கு மேல் சாப்பாட்டைப் பற்றியே பேசுகிறார். முன்னால் சாப்பிட்டது செரித்ததா என்று பார், நன்றாகப் பசித்த பிறகு சாப்பிடு என்பதுதான் சாரம். அவர் காலத்தில் ஷிஃப்ட் இல்லை.

பிறகு அந்த ஆபரேட்டர் பர்ஸிலிருந்து மடித்த சீட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். கம்பெனியில் வருடா வருடம் நடக்கும் மெடிக்கல் செக்கப். டாக்டர் எழுதிக் கொடுத்தது மூன்றே வரி. எடையைக் குறைக்கவும். நேரத்துக்குச் சாப்பிடவும். எட்டு மணி நேரம் தூங்கவும்.

"எந்த நேரத்துக்குன்னு எழுதலையே சார்!" என்று சிரித்தார்.

தூக்கத்துக்கும் தொப்பைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? சிகாகோ பல்கலைக்கழகத்தில் செய்து 2010-ல் வெளியான ஒரு சோதனையைச் சொல்கிறேன். பத்தே பேர், சின்ன சோதனைதான். எடை கூடிய பத்துப் பேரை ஒரே மாதிரி கலோரி குறைத்த சாப்பாட்டில் இரண்டு வாரம் வைத்தார்கள். ஒரு தடவை எட்டரை மணி நேரம் படுக்கை. இன்னொரு தடவை ஐந்தரை மணி நேரம். இரண்டு தடவையும் தராசு ஒரே பதிலைத்தான் சொன்னது. சுமார் 3 கிலோ இறங்கியிருந்தது. ஆனால் உள்ளே புகுந்து பார்த்தால், நன்றாகத் தூங்கியபோது போனதில் 1.4 கிலோ கொழுப்பு. தூக்கம் கெட்டபோது 0.6 கிலோதான் கொழுப்பு. மிச்சமெல்லாம் பெரும்பாலும் தசை. பசியும் கூடியிருந்தது.

வியாபாரத்தில் ஒரு வகை ஆசாமி உண்டு. கடனை அடைக்கிறேன் பேர்வழி என்று கடையில் இருக்கும் மிஷினை விற்றுவிடுவார். கையில் பணம் வந்த மாதிரி இருக்கும். கடன் அப்படியே இருக்கும், சம்பாதித்துக் கொடுக்கிற மிஷின் போயிருக்கும். தூங்காமல் பட்டினி கிடந்து இளைப்பதும் அந்த மாதிரிதான். தராசுக்கு மிஷினும் தெரியாது, கடனும் தெரியாது.

'எல்லாம் சரி சார், அதே லைன்ல, அதே ஷிஃப்ட்ல, அதே கேன்டீன்ல சாப்பிடுறவன் ஒல்லியா இருக்கானே. அப்ப இவன்கிட்டதானே தப்பு?' என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி. எனக்குப் பிடித்த பதில் கனடாவில் இருக்கிறது.

க்ளோட் பூஷார் என்ற விஞ்ஞானி, ஒரே கருவில் பிறந்த இரட்டையர்கள் 12 ஜோடியைக் கூப்பிட்டார். எல்லோரும் இளைஞர்கள். ஒரே இடத்தில் தங்கவைத்து, கண் பார்வையிலேயே வைத்துக்கொண்டு, 100 நாளில் 84 நாள், தினமும் தேவைக்கு மேல் 1,000 கலோரி ஊட்டினார். உபரி எல்லோருக்கும் ஒன்றுதான். யாரும் திருட்டுத்தனமாகத் தின்னவில்லை, யாரும் கூடுதலாக ஓடவில்லை. 1990-ல் முடிவு வெளியானது. சராசரியாக 8.1 கிலோ ஏறியிருந்தார்கள். ஆனால் ஒருவர் ஏறியது வெறும் 4.3 கிலோ. இன்னொருவர் 13.3 கிலோ! ஒரு ஜோடிக்கும் இன்னொரு ஜோடிக்கும்தான் பெரிய வித்தியாசம். அண்ணன் எவ்வளவு ஏறினாரோ, ஏறக்குறைய அதையொட்டியே தம்பியும் ஏறினார்.

அந்த ஒன்பது கிலோ வித்தியாசத்தில் ஒழுக்கம் எங்கே இருக்கிறது, தேடிச் சொல்லுங்கள். 4.3 கிலோக்காரர் வாயைக் கட்டினாரா? ஒரே சாப்பாடு. அவருக்கு வாய்த்த உடம்பு அப்படி. அவர் ஊருக்குப் போனால், 'பாரு, அவன் எப்படி உடம்பை வச்சிருக்கான்!' என்று பாராட்டு கிடைத்திருக்கும். தாத்தா விட்டுப்போன வீட்டில் குடியிருப்பவரைச் சேமிப்புத் திலகம் என்று பாராட்டுவது போல.

இந்தப் பாராட்டு ஒல்லியானவர்களுக்கும் நல்லதல்ல. புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் 2004-ல் லான்செட் பத்திரிகையில் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரு போட்டோ போட்டார்கள். உயரத்துக்கு எடை என்று பார்த்தால் இரண்டு பேருக்கும் ஒரே எண், 22.3. உடம்பில் கொழுப்பு? யுட்கினுக்கு 9.1 சதவிகிதம், யாஜ்னிக்குக்கு 21.2. நம்மவர்கள் பல பேர் சட்டைக்கு மேலே ஒல்லி, சட்டைக்கு உள்ளே குண்டு. அதனால்தான் நமக்கு இடுப்பளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 என்று எல்லையை இறக்கி வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒல்லியாக இருப்பவரிடம், 'சர்க்கரை பார்த்தீங்களா?' என்று யாரும் கேட்பதில்லை. அவர் நல்ல பையன் ஆயிற்றே!

'ஒழுக்கக் குறைவு' என்கிற இந்தச் சித்தாந்தத்தால் யாருக்கு லாபம் என்று பார்ப்பது என் பழக்கதோஷம். இளைக்கும் பவுடர் விற்கிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். மிக்ஸி ஓடவில்லை என்றால் கடைக்காரரைச் சண்டைக்கு இழுக்கிறோம். பவுடர் வேலை செய்யவில்லை என்றால்? 'நான்தான் ஒழுங்கா ஃபாலோ பண்ணலை' என்று தன்னையே திட்டிக்கொண்டு அடுத்த டப்பா வாங்குகிறோம். வாடிக்கையாளரே குற்றத்தை ஏற்றுக்கொள்கிற ஒரே வியாபாரம் இது. அடுத்த லாபம் கம்பெனிக்கு. டாக்டர் சீட்டில் 'தூங்கவும்' என்று எழுதியாயிற்று. இனி அவர் தூங்காதது அவர் குற்றம்.

சரி, மனவலிமை என்று ஒன்று இல்லவே இல்லையா? இருக்கிறது. ஆனால் அதைப் பற்றி நாம் கட்டி வைத்திருந்த கோபுரத்தை ஓர் ஊசி குத்திவிட்டது. செமாக்ளூடைட் என்ற மருந்தின் பெரிய சோதனை 2021-ல் வெளியானது. வாரம் ஒரு ஊசி, 68 வாரம். சராசரியாக எடையில் 14.9 சதவிகிதம் போனது. வெறும் ஊசி போட்டவர்களுக்கு 2.4. மருந்து பெரும்பாலும் செய்தது பசியைத் தணித்ததுதான். ஊசியை நிறுத்திய ஒரு வருடத்தில், இறங்கியதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப ஏறிவிட்டது. 68 வாரம் எல்லோரும் உத்தமர்களாக இருந்து, 69-வது வாரம் ஒழுக்கம் கெட்டுப்போனார்களா? பசியின் சத்தம் எல்லோருக்கும் ஒரே வால்யூமில் கேட்பதில்லை. குறைவாகக் கேட்கிறவர்கள் அதைத் தங்கள் பெருமை என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

இந்த வகை ஊசிகள் 2025-ல் இந்தியக் கடைகளுக்கு வந்தன. மௌஞ்சாரோ என்பதன் அறிமுக விலை, ஆரம்ப அளவுக்கு, ஒரு குப்பி 3,500 ரூபாய். வாரம் ஒன்று. ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரின் மாதச் சம்பளத்தை மனதில் வைத்துக்கொண்டு நாலால் பெருக்கிப் பாருங்கள். மாரத்தான் ஓடுகிற அதிகாரிக்கு இன்னொரு வசதி கூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் சாப்பிடுகிறவருக்குப் பொறுப்பே இல்லையா என்று நீங்கள் கோபப்படலாம். உண்டு. பழி வேறு, பொறுப்பு வேறு. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரி திறந்து அடையாற்றங்கரையில் வீடு வீடாகத் தண்ணீர் புகுந்தது. வீட்டுக்காரர் மழையை வரவழைக்கவில்லை, ஏரியைத் திறக்கவில்லை. ஆனாலும் சேற்றை அள்ளியது அவர்தான். அவரேதான் அள்ள வேண்டியிருந்தது. ('அங்க போய் ஏன் வீடு வாங்கினீங்க?' என்று அப்போதும் கேட்ட மகானுபாவர்கள் உண்டு!) அந்த ஆபரேட்டரும் மூணு மணி பிஸ்கட்டை விடலாம், சோற்றில் ஒரு கரண்டி குறைத்து முட்டை ஒன்று கேட்கலாம், லீவு நாளில் நடக்கலாம். அதைச் செய்யச் சொல்கிற உரிமை அவர் மனைவிக்கு உண்டு, டாக்டருக்கு உண்டு. ஆனால் ஒருவரிடம் பொறுப்பைக் கேட்பதற்கு முன்னால் அவர் கையில் என்ன அதிகாரம் இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா? செக்கில் கையெழுத்துப் போடுகிற உரிமை இல்லாதவரைப் போய் 'ஏன் பணம் கட்டலை?' என்று கேட்பது எந்த ஆபீஸிலும் செல்லாது. அவர் தூங்கும் நேரத்தில் கையெழுத்துப் போடுவது ஷிஃப்ட் அட்டவணை. சாப்பிடும் நேரத்தில் கையெழுத்துப் போடுவது கேன்டீன் மணி. தட்டில் என்ன விழும் என்பதில் கேட்டரிங் டெண்டர்.

தட்டு யார் கையில் என்பதற்கு 2021 டிசம்பர் ஓர் உதாரணம். ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் செய்கிற பெண்கள், பூந்தமல்லி பக்கம் ஹாஸ்டலில் சாப்பிட்ட சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 150 பேருக்கு மேல் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மற்றவர்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை மூடி, அடுத்த மாதம்தான் திறந்தது. தங்குமிடங்களும் சாப்பாட்டுக் கூடங்களும் சில தங்கள் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் கம்பெனியே சொன்னது. அங்கே பிரச்னை கலோரி அல்ல. ஆனால் தன் தட்டில் என்ன விழுகிறது என்று சொல்ல, ஒரு தொழிலாளி நெடுஞ்சாலையில் போய் உட்கார வேண்டியிருந்தது. 250 பேருக்கு மேல் இருந்தால் கேன்டீன் வேண்டும் என்றது 1948-ம் வருடத் தொழிற்சாலைச் சட்டம். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத் தொகுப்பு அதை 100 பேர் என்று இறக்கியது. நல்லதுதான். ஆனால் சட்டம் தலையைத்தான் எண்ணுகிறது, தட்டைப் பார்ப்பது வேறு வேலை.

நேரம் யார் கையில் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2023 ஏப்ரல் 21 அன்று, 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா தமிழகச் சட்டசபையில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. மூன்றாம் நாள் நிறுத்தி வைத்தார்கள். மே 1 அன்று வாபஸ் என்று முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடி அன்றைக்குச் சரியாக நூறு வருடம். அந்தப் பத்து நாளும் முதலீடு பற்றிப் பேசினார்கள், உரிமை பற்றிப் பேசினார்கள். பன்னிரண்டு மணி நேர வேலை, அதோடு போக வர மூணு மணி நேர பஸ் என்றால் தூங்க எது மிச்சம், அந்த உடம்பு பத்து வருடம் கழித்து எப்படி இருக்கும் என்ற பேச்சு என் காதில் விழவில்லை.

செலவே இல்லாத வழிகளும் உண்டு. 1982-ல் 'சயன்ஸ்' பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்தது. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் ஒரு தாது உப்பு ஆலை. அங்கே ஷிஃப்ட் வாரம் ஒருமுறை பின்னோக்கி மாறிக்கொண்டிருந்தது. நைட், மாலை, காலை என்று. சார்ல்ஸ் செய்ஸ்லரும் அவருடைய சகாக்களும் அதைத் திருப்பிப் போட்டார்கள். காலை, மாலை, நைட் என்று முன்னோக்கி. அதுவும் மூணு வாரத்துக்கு ஒருமுறை. தூங்குவதைச் சீக்கிரமாக்குவதைவிடத் தள்ளிப்போடுவது உடம்புக்கு சுலபம் என்பதுதான் காரணம். தொழிலாளர்களின் திருப்தியும் உடல்நிலையும் மேம்பட்டன. உற்பத்தியும் கூடியது.

இதை அந்த ஆபரேட்டரிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. "நாங்க நாற்பது பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கோம் சார். வாரா வாரம் மாத்தாதீங்க, காலைல இருந்து நைட்டுன்னு வரிசையா மாத்துங்கன்னு. யூட்டா எல்லாம் தெரியாது. எங்க உடம்பு சொல்லிச்சு."

"என்ன சொன்னாங்க?"

"ப்ரொடக்‌ஷன்ல கேட்டுச் சொல்றோம்னாங்க. ரெண்டு மாசம் ஆச்சு."

டீ கிளாஸை வைத்துவிட்டு பஸ்ஸைப் பார்த்து நடந்தார். அடுத்த வாரம் அவருக்கு செகண்ட் ஷிஃப்ட்.